ரெண்டு தடவை பார்த்த ஒரு மொக்கைப் படம்

இன்னைக்கு டெங்கு இல்லை, சுகர் இல்லை, தடுப்பூசி இல்லை. ஒரு சினிமாவைப் பத்தி எழுதப் போறேன்.

நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து படுத்தேன். தூக்கம் வரலை. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க.

படத்தோட பேர் ‘சைலன்ட் நைட், பிளடி நைட்’. அமெரிக்கப் படம். 1972 நவம்பர்ல ரிலீஸ். உங்கள்ல முக்கால்வாசி பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டேன்னு சொல்ற ஒண்ணு ரெண்டு பேரும் 1984ல வந்த ‘சைலன்ட் நைட், டெட்லி நைட்’ படத்தைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. அது சாண்டா கிளாஸ் வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் கொலை பண்ற படம். இது அது இல்லை. இதுக்கு அந்த அளவு பேரும் கிடையாது, காசும் கிடையாது.

ஸ்லாஷர்னு ஒரு வகை இருக்கு. முகம் தெரியாத ஒருத்தன் கத்தியோ கோடாலியோ எடுத்துக்கிட்டு வரிசையா ஆட்களைப் போட்டுத் தள்ளுவான். கடைசியில ஒரு பொண்ணு மட்டும் தப்பிக்கும். அவ்வளவுதான் கதை. "டாக்டர், நீங்களா இந்தப் படமெல்லாம் பார்க்கறீங்க?"ன்னு கேட்பீங்க. கேஷுவாலிட்டியில தினமும் ரத்தம் பார்க்கிற எங்களுக்கு சினிமா ரத்தம் தக்காளி சாஸ் மாதிரி. அதனால மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல்கள்ல இந்த மாதிரி படத்துக்கு எப்பவுமே ஒரு கூட்டம் உண்டு.

கதையை முழுசா சொல்லப் போறேன். அம்பது வருஷப் பழைய படம், கோச்சுக்காதீங்க.

முதல் தடவை பார்த்தது ஹாஸ்டல்ல. என் ரூம்மேட்டோட அத்தை பையன் அமெரிக்கால இருந்து லீவுக்கு வந்தப்போ ஒரு அட்டைப்பெட்டி கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனார். உள்ளே 50 படம். எல்லாமே பேய், பிசாசு, கொலை. 50 படத்துக்கும் சேர்த்து டிவிடி மொத்தம் 12 தான். ஒவ்வொண்ணும் தோசை மாதிரி ரெண்டு பக்கமும் ஓடும். ஒரு பக்கத்துல ரெண்டு படம். சில பக்கத்துல மூணு படத்தை அமுக்கி வெச்சிருந்தான்.

"50 படம் என்ன விலை வரும்?"னு கேட்டதுக்கு, "ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிடற காசுடா"ன்னார் அவர். அங்கே சூப்பர் மார்க்கெட்ல பில் போடற இடத்துல சூயிங்கம் பக்கத்துலயே கிடக்குமாம்.

இவ்வளவு மலிவா எப்படி? இதுல ஒரு சட்ட சமாச்சாரம் இருக்கு. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, காப்புரிமை யாருடையது, எந்த வருஷம்னு படப்பிரதியிலேயே ஒரு வரி போடணும். போடாம ரிலீஸ் பண்ணினா போச்சு. படம் பொதுச்சொத்து. ஜார்ஜ் ரொமேரோவோட ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ 1968ல அப்படித்தான் போச்சு. ரிலீஸ் சமயத்துல படத்தோட பேரை மாத்தினாங்க, பழைய டைட்டில் கார்டோட சேர்த்து காப்புரிமை வரியும் போயிடுச்சு. உலகமே பார்த்த படம், எடுத்தவங்களுக்கு வர வேண்டிய காசு வரலை. நம்ம படமும் பொதுச்சொத்துதான். யார் வேணா பிரதி எடுக்கலாம், விக்கலாம். யாரும் யாருக்கும் காசு தர வேண்டாம்.

யாருக்கும் சொந்தமில்லாத பொருளை யாரும் தூசி தட்டி வைக்க மாட்டாங்க இல்லையா. அதுதான் இந்தப் படத்துக்கும் நடந்தது. யார் கையிலயோ இருந்த தேய்ஞ்சு போன பிரதியை வீடியோ கேசட்ல ஏத்தி, அந்த கேசட்டை இன்னொரு கேசட்டுக்கு ஏத்தி, அதைத் தூக்கி டிவிடியில போட்டுட்டான். ஜெராக்ஸ்க்கு ஜெராக்ஸ் எடுத்தா என்ன ஆகும்? கறுப்பா இருக்கிறதெல்லாம் ஒரே கட்டி. படமோ முக்கால்வாசி ராத்திரியில, விளக்கு இல்லாத ஒரு பெரிய வீட்டுக்குள்ள நடக்குது. நிறைய சீன்ல லேப்டாப் திரையில நல்லாத் தெரிஞ்சது எங்க முகம்தான்.

பத்துப் பேர் ஒரு லேப்டாப்பைச் சுத்தி. பரீட்சை முடிஞ்ச ராத்திரி. யாராவது அலறினா நாங்களும் சேர்ந்து அலறுவோம். எங்களுக்குப் புரிஞ்ச கதை இவ்வளவுதான்: ஒரு சின்ன ஊர். ஒரு காலத்துல மனநலக் காப்பகமா இருந்த ஒரு பாழடைஞ்ச மாளிகை. அந்த வீட்டை விக்கிறதுக்காக நகரத்துல இருந்து ஒரு வக்கீல் வர்றார். ராத்திரி அந்த வீட்டுலயே தங்கறார். கோடாலி. அப்புறம் வரிசையா ஒவ்வொருத்தரா. நடுவுல காப்பகத்து நோயாளிகள் எல்லாம் வெறி பிடிச்சு டாக்டர்களைக் கொல்ற ஒரு ஃப்ளாஷ்பேக்.

எதிர்கால டாக்டர்கள் பத்துப் பேர் அந்த சீனுக்கு விசில் அடிச்சோம்.

கொலைகாரன் ஊருக்குள்ள போன் போட்டுக் கிசுகிசுன்னு பேசுவான். பேர் கேட்டா "மேரியன்". ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாத ஒரு குரல். எங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்த ஆறு மாசம் ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எவனுக்காவது தெரியாத நம்பர்ல இருந்து போன் வரும். "நான்தான் மேரியன் பேசறேன்." ஜூனியர் பசங்களைக் கூட விட்டு வைக்கலை. சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, அதுல பாதி போன் பண்ணது நான்.

இப்போ கொஞ்சம் வேற இடத்துக்குப் போறேன். திரும்பப் படத்துக்கு வருவேன்.

ஹவுஸ் சர்ஜன் பீரியட். கேஷுவாலிட்டி நைட். மணி ஒண்ணரை இருக்கும். ஆட்டோல ஒரு பொண்ணைக் கொண்டு வந்தாங்க. இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கும். ரெண்டு கையையும் சேர்த்துத் துண்டால கட்டியிருந்தாங்க. கூட அண்ணன், இன்னும் ரெண்டு ஆம்பளைங்க. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"சார், இவளுக்கு மூளை சரியில்லை சார். அரிவாமனையைத் தூக்கிட்டு வெட்ட வந்துட்டா சார்."

அண்ணன் முழங்கையில ஒரு கீறல். தையல் கூடத் தேவைப்படலை.

அந்தப் பொண்ணு கத்துறா. காதுக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொல்றா. நான் எங்க நின்னேன் தெரியுமா? கட்டில்ல இருந்து ஆறடி தள்ளி, வாசல் பக்கமா. பாம்பு கடிச்சவர், பூச்சி மருந்து குடிச்சவர், குடிச்சுட்டு பாட்டிலோட வந்தவர்னு எல்லாரையும் பக்கத்துல போய்ப் பார்த்திருக்கேன். இந்தப் பொண்ணுகிட்டப் போகப் பயம். மனநோயாளிகளை நான் நேர்ல பார்த்தது சைக்யாட்ரி போஸ்டிங்ல ரெண்டு வாரம். சினிமால பார்த்தது இருபது வருஷம். எது ஜெயிக்கும்?

ட்யூட்டி டாக்டர்கிட்டச் சொல்லி செரினேஸ், பெனர்கன் ஊசி போட்டாச்சு. கை கால் நாலையும் கட்டிலோட கட்டியாச்சு. கேஸ் ஷீட்ல எழுதினேன்: ஏற்கனவே மனநோய் உள்ளவர், மூர்க்கமாக நடந்துகொள்கிறார், அண்ணனை ஆயுதத்தால் தாக்கினார். நான் எழுதின அத்தனையும் அண்ணன் சொன்னது. அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்ட ஒரே கேள்வி, "உன் பேர் என்ன?" அதுக்கு அவ பதில் சொல்றதுக்குள்ள அண்ணனே சொல்லிட்டார்.

மூணு மணி வாக்குல சிஸ்டர் கூப்பிட்டாங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு நாலஞ்சு வருஷம் இருந்த சீனியர் சிஸ்டர். கட்டு இறுக்கமா இருக்கான்னு பார்க்கப் போயிருக்காங்க.

"டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க."

கணுக்கால்ல ஒரு வளையம். புண் வந்து ஆறி, அதுமேலயே திரும்பப் புண் வந்து ஆறின தழும்பு. நாங்க கட்டின துணியால வந்தது இல்லை அது. இடது முன்கை கொஞ்சம் வளைஞ்சிருந்தது. எப்பவோ எலும்பு ஒடைஞ்சு கட்டுப் போடாமலே கூடிப் போயிருக்கு. சிஸ்டர் மெதுவா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. முதுகைப் பார்த்துட்டு நான் ஒண்ணும் பேசலை.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. டம்ளர்ல தண்ணி கொடுத்தாங்க.

"யாரு தாயி அடிச்சது?"

ஊசி மயக்கத்துல இருந்தா. ஆனா பதில் தெளிவா வந்தது. "அண்ணன்."

"எங்கத்தா கட்டிப் போட்டிருந்தாக?"

"பின்னாடி கொட்டாய்ல."

"எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முன்ன."

அப்போ பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியிருந்தது.

சிஸ்டர் என்னைத் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏ.ஆர். யாருக்கு டாக்டர் போட்டீங்க?"

விஷயம் தெரியாதவங்களுக்கு: அடிதடி, விபத்துன்னு யார் காயத்தோட வந்தாலும் கேஷுவாலிட்டியில ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல பதியணும். போலீசுக்குத் தகவல் போகணும். அன்னைக்கு நான் ஏ.ஆர். போட்டிருந்தேன். அண்ணனோட கீறலுக்கு. நீளம், அகலம் எல்லாம் அளந்து, சென்டிமீட்டர் கணக்கோட.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய முறைப்படி நடந்தது. அந்தப் பொண்ணு பேர்ல ஏ.ஆர்., போலீஸ் தகவல், காலையில எக்ஸ்ரே, சைக்யாட்ரி அட்மிஷன். அவளுக்கு மனநோய் இருந்தது உண்மைதான். சைக்யாட்ரிஸ்ட் அதை உறுதி பண்ணினார், மாத்திரை ஆரம்பிச்சார். அரிவாமனையைத் தூக்கினதும் உண்மைதான், அவளே ஒத்துக்கிட்டா. நாலு மாசமா கொட்டாய்ல கட்டி வெச்சு அடிச்சதும் உண்மை. ஆனா கேஸ் ஷீட்ல முதல்ல ஏறினது ஒரு பக்கத்து உண்மை மட்டும்தான். ஏத்தினது நான்.

டிஸ்சார்ஜ் ஆகிறப்போ அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் ரிவ்யூவுக்கு ஒழுங்கா வந்தா. ரெண்டாவது தடவை தலையில கனகாம்பரம் வெச்சிருந்தா. அப்புறம் என் போஸ்டிங் மாறிடுச்சு.

இப்போ படத்துக்கு வர்றேன்.

2020. கொரோனா வார்டு. ஒரு வாரம் ட்யூட்டி, ஒரு வாரம் லாட்ஜ் ரூம்ல தனிமை. அந்த ஒரு வாரம் என்ன பண்றதுன்னே தெரியாது. வீட்டுக்கு வீடியோ கால், சாப்பாட்டுப் பொட்டலம், தூக்கம், திரும்ப சாப்பாட்டுப் பொட்டலம். ஒரு நாள் ராத்திரி ஏதோ தேடப் போய் இந்தப் படம் கண்ணுல பட்டுச்சு. பொதுச்சொத்துப் படம்தானே, இணையத்துல சும்மாவே கிடக்கு. ஆனா இது நாங்க பார்த்த கட்டிக் கறுப்பு பிரதி இல்லை. யாரோ நல்ல ஃபிலிம் பிரதியைத் தேடிப் பிடிச்சு சுத்தம் பண்ணிப் போட்டிருந்தாங்க. இருட்டுக்குள்ள சுவர் தெரிஞ்சது. ஆள் தெரிஞ்சது. முகம் தெரிஞ்சது.

நான் ஹாஸ்டல்ல பார்த்த படமே இல்லைங்க அது.

கதை இதுதான். ஈஸ்ட் வில்லார்ட்னு ஒரு ஊர். 1950 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வில்ஃப்ரட் பட்லர்னு ஒரு பணக்காரர் உடம்பெல்லாம் தீயோட தன் மாளிகையை விட்டு வெளியே ஓடி வந்து விழறார். வீடு பேரனுக்குப் போகுது. இருபது வருஷம் பூட்டியே கிடக்கு. அப்புறம் பேரன் சார்பா வக்கீல் வர்றார், 50,000 டாலருக்கு ஊருக்கே வித்துடறேன்னு சொல்றார். ஊர்ப் பெரிய மனுஷங்க நாலு பேர் உக்காந்து பேசறாங்க. மேயர், ஷெரிஃப், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பார்க்கிற அம்மா, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர். அந்த ஆசிரியரா வர்றது ஜான் கேரடைன். பேச்சு வராத பாத்திரம், மணி அடிச்சுத்தான் பேசுவார். நாலு பேருக்கும் அந்த வீட்டை எப்படியாவது வாங்கிடணும்னு ஒரு அவசரம்.

இதுக்கு நடுவுல மனநலக் காப்பகத்துல இருந்து ஒருத்தர் தப்பிச்சுட்டார்னு வேற படம் சொல்லிடுது. அதோட நம்ம மூளை வேலையை நிறுத்திடும். ஓகோ, அந்தப் பைத்தியம்தான் கொலைகாரன். அடுத்த சீன் வா.

கடைசியில மேயரோட பொண்ணு ஒரு டைரியைப் படிக்குது. அப்போதான் அந்த ஃப்ளாஷ்பேக். பழுப்பு நிறத்துல, பழைய ஊமைப்படம் மாதிரி. அந்தப் பணக்கார வில்ஃப்ரட், பெத்த மகளையே சீரழிச்சவர். மகளுக்குப் பிறந்த பிள்ளைதான் அந்தப் ‘பேரன்’. அப்புறம் தன் வீட்டையே மனநலக் காப்பகமா மாத்தி, அந்த மகளையே அதுக்குள்ள நோயாளியா அடைச்சு வைக்கிறார்.

மகள் பேர் மேரியன்.

லாட்ஜ் ரூம்ல அந்த இடத்துல நிறுத்திட்டேன். ஆறு மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு நாங்க விளையாடின பேர் அது. பிரதி இருட்டுன்னு சொல்லலாம், பத்துப் பேர் கத்தினதுல வசனம் காதுல விழலைன்னு சொல்லலாம். ரெண்டும் நிஜம். ஆனா நாங்க யாருமே "அந்த மேரியன் யாருடா?"ன்னு ஒரு தடவை கூடக் கேட்டுக்கலை. பைத்தியம்னு சொல்லியாச்சு, அப்புறம் என்ன கேள்வி?

கொஞ்ச நேரம் கழிச்சு மீதியைப் பார்த்தேன்.

அந்தக் காப்பகத்து டாக்டர்கள் விருந்துல இருக்காங்க. தின்னுக்கிட்டும் குடிச்சுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும். நோயாளிகள் அவங்க பாட்டுக்கு. ஒரு டாக்டரா அந்த சீனைப் பார்க்க எனக்கு நல்லா இல்லை. விசில் அடிச்சோமே, அது இந்த டாக்டர்கள் வெட்டுப்படறதுக்குத்தான். நோயாளிகளைத் திறந்து விடறது அந்த அப்பன். கலவரத்துல டாக்டர்கள் சாகறாங்க, மேரியனும் சாகுறா.

அந்த நோயாளிகள் என்ன ஆனாங்க? இங்கதான் விஷயம். ஊருக்குள்ள போயிட்டாங்க. அங்கேயே குடியேறிட்டாங்க. ஒருத்தர் மேயர் ஆனார். ஒருத்தர் ஷெரிஃப். ஒருத்தங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒருத்தர் பத்திரிகை. பல வருஷம் அந்த ஊரை நடத்தினதே அவங்கதான். கல்யாணம், குழந்தை குட்டி, கிறிஸ்துமஸ் எல்லாம் உண்டு. கோடாலியோட வந்தது? செத்துட்டதா ஊரையே நம்ப வெச்ச அந்த அப்பன். மகளோட பேர்ல போன் போட்டதும் அவன்தான். கெடுத்தவனே பாதிக்கப்பட்டவ பேரை வெச்சுக்கிட்டு நியாயம் கேட்க வர்றான்.

படத்தை ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறேன்னு நினைக்காதீங்க. மொக்கைதான். நடுவுல அரை மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டே இருப்பாங்க மாதிரி தோணும். காப்பகம்னாலே கலவரம், ரத்தம்னு காட்டுற வழக்கமான தப்பு இதுலயும் உண்டு. அந்த அப்பனையும் கடைசியில பைத்தியமாத்தான் காட்டுது. ஆனா தெரிஞ்சோ தெரியாமலோ, நோயாளிகள் வெளியே வந்து மேயரா ஷெரிஃபா குடும்பஸ்தரா வாழ்ந்தாங்கன்னு ஒரு கொலைப்படம் சொல்லிடுச்சு. ஆறு வருஷம் கழிச்சு 1978ல வந்த ‘ஹாலோவீன்’ல காப்பகத்துல இருந்து தப்பிச்சவன் கத்தியோட வந்தான். அந்தப் படம் கோடி கோடியா சம்பாதிச்சது. அதைப் பார்த்து வந்த நூறு படத்துலயும் அவனே வந்தான். கொலைகாரன் கண் வழியா கேமரா நகர்றது, கிசுகிசு போன் கால் எல்லாம் அந்தப் படங்களுக்கு முன்னாடியே நம்ம மொக்கைப் படத்துல இருக்கு. அதையெல்லாம் பின்னாடி வந்த படங்கள்லயும் பார்க்கலாம். குணமாகி மேயர் ஆன நோயாளி மட்டும் திரும்ப வரவே இல்லை.

நிஜத்துல கணக்கு என்ன? மனநோய் உள்ளவங்க அடிக்கிறதை விட அடி வாங்கறதுதான் அதிகம். பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்றது இது. சிகிச்சை இல்லாம, கூட குடியும் போதையும் சேர்ந்தா சிலர்கிட்ட மூர்க்கம் வரலாம், இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் அரசு மருத்துவமனையில பார்க்கிற பெரும்பாலானவங்க மாத்திரை போட்டுட்டு ஆடு மேய்க்கிறாங்க, தறி ஓட்டுறாங்க, ஸ்கூல்ல பாடம் நடத்துறாங்க. பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும், அதனால.

ஈஸ்ட் வில்லார்ட்ங்கிற ஊர் பேர் கற்பனை. ஆனா வில்லார்ட்னு நியூயார்க் மாநிலத்துல நிஜமாவே ஒரு பெரிய அரசு மனநல மருத்துவமனை இருந்தது. 1869ல திறந்து 1995ல மூடினாங்க. மூடற சமயத்துல பரண்ல 400க்கு மேல பெட்டிகள் கிடைச்சது. நோயாளிகள் வந்து சேர்ந்த அன்னைக்குக் கையில கொண்டு வந்த சூட்கேஸ்கள். உள்ளே துணிமணி, போட்டோ, கடிதம், பைபிள். வாங்கி மேல வெச்சாங்க, அவ்வளவுதான். நிறையப் பேர் அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கவே இல்லை, அங்கேயே செத்துப் போனாங்க. 1955ல அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகள்ல இருந்தவங்க மட்டும் சுமார் 5.5 லட்சம் பேர். அவங்கள்ல எத்தனை பேரோட கதையை அண்ணனோ அப்பாவோ புருஷனோ சொல்லி, யாரோ ஒரு சின்ன டாக்டர் அப்படியே எழுதிக்கிட்டாரோ.

நம்ம ஊருக்கு ஏர்வாடி போதும். 2001 ஆகஸ்ட் 6, 28 பேர். தீ பிடிச்சப்போ சங்கிலியில இருந்ததால ஓட முடியலை. 2017 மனநலச் சட்டம் எந்த வடிவத்துலயும் சங்கிலி கூடாதுன்னு தெளிவாச் சொல்லுது. கொட்டாய்ல கட்டறதும் இதுல அடக்கம். வீட்டுல சமாளிக்க முடியலைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க. டெலிமானஸ், இலவசம். தமிழ்லயே பேசலாம்.

படத்துல நடிச்சவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். ரெண்டாவது தடவை பார்க்கிறப்போ பேரனா நடிச்சவர் மேல ஒரு கண்ணு போச்சு. ஜேம்ஸ் பேட்டர்சன். நாடக நடிகர். 1968ல ஹெரால்ட் பின்டர் நாடகத்துல நடிச்சதுக்காக டோனி விருது வாங்கினவர். அமெரிக்க நாடக உலகத்துல அதுதான் பெரிய விருது. அப்பேர்ப்பட்ட ஆள் இந்தப் படத்துல என்ன பண்றார்னு தேடிப் பார்த்தேன். 1972 ஆகஸ்ட்ல கேன்சர்ல இறந்துட்டார். வயசு 40. படம் நவம்பர்ல ரிலீஸ் ஆகிறப்போ அவர் இல்லை. அந்த விருந்து சீன்ல நியூயார்க்ல ஆண்டி வாரோலோட சுத்திக்கிட்டிருந்த கலைக்கூட்டம் நிறைய இருக்கு. கேண்டி டார்லிங்னு ஒரு திருநங்கை நடிகை விருந்தாளியா வந்து போவாங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும் அந்த ஷாட். 1974ல லிம்ஃபோமாவால இறந்தாங்க. 29 வயசு. ஹாஸ்டல் டிவிடியில அவங்க இருந்த இடத்துல ஒரு பழுப்புக் கறைதான் இருந்தது.

சுத்தம் பண்ணின பிரதியில முகம் தெரியுது.

கடைசி சீன்ல மேயர் பொண்ணு தூரத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும். அந்த மாளிகையை இடிப்பாங்க. ஹாஸ்டல்ல அது வரைக்கும் நாங்க பார்க்கவே இல்லை. கொலை முடிஞ்சதுமே அடுத்த படத்தைப் போட்டுட்டோம், அதே பக்கத்துல இன்னொண்ணு இருந்ததே.

அந்த 50 பட டப்பா இன்னும் ரூம்மேட்கிட்டத்தான் இருக்கு. அவன் இப்போ எலும்பு முறிவு ஸ்பெஷலிஸ்ட். இதைப் படிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போடுவான்னு நினைக்கிறேன். எடுக்க மாட்டேன்டா, காலையில ஏழரைக்கு ஓபி.